கேட்ட சீட் கிடைக்காதபோது

2025-ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல் வந்தபோது, 200-க்கு 200 கட்-ஆஃப் வாங்கியவர்கள் மட்டுமே 144 பேர். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நூற்றுக்கு நூறு. இவர்களில் யார் முதலிடம், யார் நூற்று நாற்பத்து நான்காம் இடம்? மூன்று பாடத்திலும் சதம் என்பதால் அவற்றை வைத்துப் பிரிக்க வழியில்லை. நான்காவது பாடத்தின் மதிப்பெண், ப்ளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம் என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்ப்பார்கள். அப்போதும் சமமாக நின்றால் பிறந்த தேதி. அதிலும் தீராவிட்டால் கணினி கொடுத்த சமவாய்ப்பு எண்.

அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் மொத்தம் 2.41 லட்சம் பேர். உச்சியில் நிற்பவர்களையே பத்தாம் வகுப்பு மார்க்கை எடுத்துவைத்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது என்றால், 190-க்கும் 170-க்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இயற்பியலில் ஒரு மார்க் நழுவினால் கட்-ஆஃபில் அரை மார்க் போகும். கணக்கில் நழுவினால் முழுசாக ஒன்று. அதற்குள் ஒரு பெருங்கூட்டமே முந்திக்கொண்டு போயிருக்கும். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, ஒதுக்கீட்டு ஆணையில் அதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு கல்லூரியைப் பார்த்து விழிப்பது இப்படித்தான்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தமிழ்நாட்டின் ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். பொறியியல் மட்டுமில்லை. நீட் எழுதி அரசு மருத்துவக் கல்லூரியைத் தவறவிட்டவர்கள், ஜேஇஇ எழுதி திருச்சி என்ஐடியை நூலிழையில் விட்டவர்கள், சென்னையின் பழைய கல்லூரி ஒன்றில் பி.காம். கேட்டு விண்ணப்பித்து, எந்தப் பட்டியலிலும் பெயர் வராதவர்கள். முதல் நாள் அழுகை. இரண்டாம் நாள் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. மூன்றாம் நாள் ஒரு மாமாவோ சித்தப்பாவோ போன் செய்வார்: “எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார், மேனேஜ்மென்ட்ல வாங்கிடலாம்.” குடும்பங்கள் பெரிய பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் நாளில்தான்.

அந்த போனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சீட் கிடைக்காமல் போனது ஏதாவது தப்பு நடந்ததாலா, போட்டியில் பின்தங்கியதாலா? முதலாவதற்கு முறையீடு உண்டு. இரண்டாவதற்கு முறையீடு கிடையாது, வேறு பாதைதான். நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். போட்டியில் பின்தங்கிய பிள்ளைக்காக எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் தேடி அலைவார்கள். நிஜமாகவே கூட்டலில் தப்பு நடந்திருக்கும் விடைத்தாளை ‘விதி’ என்று விட்டுவிடுவார்கள்.

முகப்பில் ஒரு மார்க், உள்ளே ஒரு மார்க்

ப்ளஸ் டூ மார்க்கில் சந்தேகம் என்றால், தமிழ்நாட்டில் முதல் வேலை விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே அதற்கான தேதியை அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவித்துவிடும். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். ரிசல்ட் வந்த சோகத்தில் ஒரு வாரம் முடங்கிக் கிடந்தால் இந்தத் தேதி போய்விடும் என்பதை ஏனோ பள்ளிகள் போதுமான சத்தத்தில் சொல்வதில்லை.

நகலைக் கையில் வாங்கியதும் பதிலைப் படிக்க ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் மதிப்பெண் அட்டவணையைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு வினாவுக்கும் போட்ட மார்க் அட்டவணையில் அப்படியே ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும். அடுத்து, திருத்துபவரின் பேனா படாத பக்கம் ஏதாவது இருக்கிறதா? ஒரு ஐந்து மார்க் கேள்விக்கு விடை பாதி ஒரு பக்கத்திலும் மீதி இரண்டு பக்கம் தள்ளியும் எழுதியிருந்தால், அந்த மீதி கண்ணில் படாமல் போயிருக்கலாம். கூட்டல் தப்பு என்றால் மறுகூட்டல் போதும். பக்கமே திருத்தப்படவில்லை அல்லது விடைக்குறிப்புக்குப் பொருந்தியும் மார்க் குறைந்திருக்கிறது என்றால் மறுமதிப்பீடு. இதைப் பாட ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அப்பா சொல்லக் கூடாது. அப்பாவுக்கு எல்லாப் பதிலும் சரியாகத்தான் தெரியும்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே மறுமதிப்பீட்டில் ஒரு மார்க் குறைந்தாலும் குறைந்ததுதான் கணக்கு. பழைய மார்க்குக்குத் திரும்ப முடியாது. ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்பதற்கு அது இடமில்லை.

விடைத்தாளைப் பார்ப்பது சலுகை இல்லை, உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தேர்வு எழுதியவர் தன்னுடைய திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று 2011-இல் சிபிஎஸ்இ சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு வரை திருத்திய தாள் என்பது அலமாரிக்குள் பூட்டிவைக்கும் ரகசியம்தான்.

நீட் தேர்வில் கதை வேறு. மறுமதிப்பீடே கிடையாது. ஓஎம்ஆர் தாளின் படத்தையும் தற்காலிக விடைக்குறிப்பையும் தேசியத் தேர்வு முகமை வெளியிடும்; விடைக்குறிப்பு தப்பு என்று நினைத்தால் கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்விக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால் 2024-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த வருடம் 720-க்கு 720 வாங்கியதாக முதலில் அறிவிக்கப்பட்டவர்கள் 67 பேர். கருணை மதிப்பெண் பெற்றிருந்த 1,563 பேருக்கு அது ரத்தாகி மறுதேர்வு நடந்தபின் 61 ஆனது. இயற்பியலில் அணு பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு விடைகளையும் சரி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்; பழைய என்சிஇஆர்டி புத்தகம் ஒன்று சொல்ல, புதியது வேறொன்று சொன்னது. உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களைக் கேட்டது. ஒரே விடைதான் சரி என்று பதில் வந்தது. திருத்திய பட்டியலில் முழு மார்க் வாங்கியவர்கள் 17 பேர். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண் அந்த ஒற்றைக் கேள்வியால் மாறியது. எல்லாம் இறக்கம்தான்.

மார்க்கெல்லாம் சரி, ஆவணத்தில்தான் சிக்கல் என்பதும் உண்டு. பொறியியல் தரவரிசை வெளியானதும் குறைகளைச் சொல்ல சில நாட்கள் தருவார்கள். சாதிச் சான்றிதழ் சரியாகப் பதிவேறாமல் பொதுப் பிரிவில் நிற்பது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பெயர் வராதது, முதல் பட்டதாரிச் சான்று விடுபட்டது போன்றவை அந்த நாட்களுக்குள் சேவை மையத்தில் நேரில் போய்ச் சரிசெய்யக்கூடியவை. 7.5 சதவீதம் மருத்துவத்துக்கு 2020-இலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் வந்தது. அந்தப் பட்டியலில் இருக்கிறோமா இல்லையா என்பதில் ஒரு பிள்ளையின் ரேங்க் எங்கிருந்து எங்கோ மாறிவிடும்.

17,500 ரூபாயும் உச்ச நீதிமன்றமும்

கோர்ட்டுக்குப் போனால் கிடைக்குமா? எப்போதாவது கிடைக்கும். எப்போது என்பதைத் தெரிந்துகொள்ள 2024-இல் நடந்த ஒரு வழக்கைவிட நல்ல பாடம் இல்லை.

உத்தரப் பிரதேசம், முசாஃபர்நகர் மாவட்டத்துத் தலித் இளைஞர். அப்பா தினக்கூலி. ஜேஇஇ அட்வான்ஸ்டை இரண்டு முறைதான் எழுத முடியும். அவருக்கு அது கடைசி வாய்ப்பு. தன்பாத் ஐஐடியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் இடம் ஒதுக்கப்பட்டது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாயை ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். ஊரில் கேட்டு வாங்கிப் பணத்தைப் புரட்டி முடித்தபோது நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இணையதளத்தில் நுழைந்து பணம் கட்டுவதற்குள் சாளரம் மூடிக்கொண்டது. சீட் போய்விட்டது.

தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தை அணுகினார்கள், ஜார்க்கண்டின் சட்ட உதவி ஆணையத்தை அணுகினார்கள். அந்த வருடம் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பர் 30 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அவரை அதே வருடம் அதே பிரிவில் சேர்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏற்கெனவே சேர்ந்த எவரையும் வெளியேற்றாமல், கூடுதலாக ஓர் இடத்தை உருவாக்கித் தரச் சொன்னது. 2021-இலும் ஏறக்குறைய இதே போன்ற ஒரு வழக்கில், கார்டு மூலம் பணம் போகாமல் மும்பை ஐஐடி இடத்தை இழந்த மாணவருக்கு இதே பிரிவின் கீழ் சீட் கிடைத்தது.

மருத்துவப் படிப்புக்கு 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பொது நெறியே வகுத்தது. மாணவர் மேல் தவறில்லை, அதிகாரிகளின் தவறால் தகுதியான இடம் மறுக்கப்பட்டது, அவரும் தாமதிக்காமல் நீதிமன்றத்துக்கு வந்தார் என்றால், பணமாக இழப்பீடு கொடுத்து அனுப்பிவிடாமல் இடத்தையே கொடுக்கச் சொல்லலாம்.

இந்த வழக்குகளில் வென்ற எவரும் ‘எனக்கு இன்னும் கொஞ்சம் மார்க் வந்திருக்க வேண்டும்’ என்று வாதிடவில்லை. எல்லோர் கையிலும் ஏற்கெனவே ஒரு சீட்டோ, அதற்கான முழுத் தகுதியோ இருந்தது. அதோடு, நாள் கடத்தாமல் ஓடியிருக்கிறார்கள். பணம் கட்ட முடியாமல் திரை உறைந்துபோனால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைப்பது, அந்த நிமிடமே மின்னஞ்சல் அனுப்பி எண் வாங்கி வைப்பது, எல்லாம் பிறகு சாட்சியமாகும். ஒரு மாதம் கழித்து வக்கீலைத் தேடினால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது.

மூன்றாம் நாள் போன்

இனி மாமாவின் விஷயத்துக்கு வரலாம். கல்லூரி சீட்டுக்கு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் டொனேஷன் என்ற சொல் புது ரேட்டோடு வருகிறது. ரசீது கிடையாது. ரசீது இல்லாத பணத்துக்குப் பிறகு எங்கும் முறையிட முடியாது. அது போதாதென்று, ‘இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா சீட் போயிடும்’ என்று அவசரப்படுத்துவார்கள். நான்காயிரம் சதுர அடி விளம்பரம் கொடுத்து ஆள் தேடும் கல்லூரிக்கு என்ன அவசரமோ!

கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தால்? இங்கே பல பெற்றோர் ‘பணம் போச்சு’ என்று நினைத்து, விருப்பமில்லாத கல்லூரியிலேயே பிள்ளையை விட்டுவிடுகிறார்கள். யுஜிசி இதற்கு விதி வைத்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு அது அறிவித்தபடி, செப்டம்பர் 30-க்குள் விலகினால் கட்டிய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31-க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் 2018 அறிவிப்பிலிருந்து இருக்கிறது. சரிபார்த்து அங்கேயே திருப்பித் தர வேண்டும். ‘டி.சி. எங்ககிட்ட இருக்கு, நீங்க எப்படிப் போவீங்க’ என்று கேட்கும் அலுவலகத்தில் இந்த விதியை வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பது நல்லது. எழுத்தைப் பார்த்தால் குரல் இறங்கும்.

கலந்தாய்வுக்குள்ளேயே நிறையப் பேர் இடத்தை இழப்பது பட்டியல் போடும் விதத்தால். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் வரிசையாகக் கொடுக்கலாம். அப்படியிருந்தும் பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டு, எதுவும் வராமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒதுக்கீடு வந்த பிறகும் கதை முடிவதில்லை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பங்கள் காலியானால் அங்கே நகர்த்தச் சொல்லிக் கேட்கலாம். மேலே எவராவது ஐஐடிக்கோ மருத்துவத்துக்கோ போனால் அந்த இடம் கீழே ஒவ்வொருவராக நகர்ந்து வரும். ஐஐடி, என்ஐடி கலந்தாய்வில் இதையே ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்கிறார்கள். முதல் சுற்றின் பதற்றத்தில் ஃப்ரீஸ் அழுத்திவிட்டு, இரண்டாம் சுற்றில் தன் விருப்பப் பிரிவு தனக்குப் பின்னால் நின்றவருக்குப் போவதைப் பார்ப்பது, சீட் கிடைக்காததைவிடக் கசப்பானது.

பக்கவாட்டில் கதவு இல்லை, படிக்கட்டு இருக்கிறது

‘இப்போதைக்குச் சேர்ந்துவிடு, அடுத்த வருடம் டிரான்ஸ்பர் வாங்கிக்கலாம்.’ தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் சொல்லப்படும் ஆறுதல் இதுதான். நடைமுறையில் இது மிகவும் பலவீனமான நம்பிக்கை. ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற விதியில் இடமுண்டு. ஆனால் போகும் இடத்தில் அதே பிரிவில் காலியிடம் வேண்டும், இரண்டு கல்லூரிகளும் சம்மதிக்க வேண்டும், பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் அனுமதி தர வேண்டும். பெயர்பெற்ற கல்லூரியில் காலியிடம் எங்கிருந்து வரும்? தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் வேறு. படிக்காத பாடங்களைக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். ஐஐடிகளுக்கிடையில் இடமாற்றம் என்பதே கிடையாது. படிப்பு மதிப்புகளை வங்கிக் கணக்கு மாதிரிச் சேர்த்துவைத்து எங்கும் எடுத்துப் போகலாம் என்று 2021-இல் கல்வி மதிப்பு வங்கி தொடங்கினார்கள். காகிதத்தில் அழகான யோசனை.

கலிஃபோர்னியாவில் இந்தப் பாதையை நிஜமாகவே கட்டிவைத்திருக்கிறார்கள். 1960-இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே அது இருக்கிறது. இன்று அங்கே 116 சமுதாயக் கல்லூரிகள். ஒன்றில் இரண்டு வருடம் படித்துவிட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்குப் போகலாம். டேவிஸ், அர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்கள், இன்னின்ன பாடங்களை இன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பெர்க்லி அந்த உறுதியைத் தருவதில்லை என்றாலும் இடமாற்றத்தில் வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லை என்று நினைத்தால் அது தப்பு. இருக்கிறது. அதன் பெயர் பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் இடம் என்றுதான் பொதுவாகத் தெரியும். ப்ளஸ் டூ முடித்தவர்கள் நேராக டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிப்ளமோ முடித்ததும் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடிச் சேர்க்கை. அதற்கும் தனியாகக் கலந்தாய்வு உண்டு. கணக்குப் போட்டால் இரண்டும் மூன்றும் ஐந்து வருடம். நான்கு வருட பி.இ.யைவிட ஒரே ஒரு வருடம்தான் அதிகம். ப்ளஸ் டூ மார்க் குறைந்ததால் நல்ல கல்லூரி கிடைக்காதவருக்கு, டிப்ளமோ மார்க்கை வைத்து மறுபடி ஒரு போட்டி. கையில் கூடுதலாக ஒரு டிப்ளமோ, ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிய பழக்கம். நேரே வந்தவர்கள் முதல் முறை லேத்தைத் தொடும்போது, டிப்ளமோ பிள்ளைகள் அதை வைத்து வேலை பார்த்து முடித்திருப்பார்கள். அவர்களுக்குச் சிரமம் வருவது கணக்குப் பாடத்தில். முதல் வருடக் கணிதத்தைத் தாண்டி நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்காருவதால், அந்த விடுமுறையில் தனியாகக் கால்குலஸ் படித்துக்கொண்டு போவது உத்தமம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல். ரயில்வே ஊழியரின் மகன். ரயில்வே பள்ளி, அதன்பின் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. பிறகு சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, திருச்சி ஆர்.இ.சி.யில் (இன்றைய என்ஐடி) முதுநிலை, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். ஒவ்வொரு படியிலும் கல்லூரியின் பெயர் ஏறிக்கொண்டே போவதைக் கவனிக்கலாம். பதினேழு வயதில் அவருக்கு ஐஐடி சீட் கிடைத்திருக்கவில்லை.

இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவனின் கதையில் சீட்டை மறுத்தது கல்லூரி இல்லை, வீடு. கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயக் குடும்பம். பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். செலவு கட்டுப்படியாகாது என்று அப்பா பி.எஸ்சி.யில் சேர்த்துவிட்டார். பட்டினி கிடந்து பார்த்தும் நடக்கவில்லை. நாகர்கோவிலில் கணிதப் பட்டம் முடித்ததும், முன்பு தடுத்த அதே அப்பா நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்று முன்வந்தாராம். சிவன் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் படித்து 1980-இல் வெளியே வந்தார். பி.எஸ்சி. முடித்தவர்களைப் பொறியியலுக்கு எடுக்கும் அந்த வழியில்தான், அவருக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த அப்துல் கலாமும் அங்கே போனார். கட்டணத்துக்கு அக்கா ஜோஹரா தன் நகைகளை அடகு வைத்தார்.

இன்றும் பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம், ஆறு வருடம் ஆகும். ஆனால் கம்ப்யூட்டர்தான் குறி என்றால் அதைவிடக் குறுக்குவழி எம்.சி.ஏ. முன்பு மூன்று வருடமாக இருந்தது, 2020-இலிருந்து இரண்டே வருடம். பி.எஸ்சி. அல்லது பி.சி.ஏ. மூன்று, எம்.சி.ஏ. இரண்டு. கிண்டியின் சிவப்புக் கட்டடத்தை பதினேழு வயதில் தவறவிட்டவர், டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி இருபது வயதில் அதே வளாகத்துக்குள் எம்.சி.ஏ. படிக்கப் போகலாம். எந்தக் கல்லூரியில் பி.இ. படித்தாலும் கேட் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.டெக். சேரலாம். வேலைக்கு எடுக்கும்போது கடைசியாகப் படித்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

சென்னை ஐஐடியே இன்னொரு வழியையும் திறந்துவைத்திருக்கிறது. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் இணையத்தில் பாடம் படித்து, வாரா வாரம் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே. எத்தனை பேர் தேறினாலும் இடம் உண்டு. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி அனுமதிப்பதால், கிடைத்த கல்லூரியில் மெக்கானிக்கலோ பி.காமோ படித்துக்கொண்டே இதையும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சேர்வது சுலபம், முடிப்பது கடினம். பாதியில் நின்றாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழ் உண்டு.

இன்னொரு வருடம்?

நீட்டைப் பொறுத்தவரை ‘ரிப்பீட்டர்’ என்பது விதிவிலக்கு இல்லை, வழக்கம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையின்படி, 2020-21-இல் தமிழ்நாட்டில் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஒருமுறையாவது எழுதியவர்கள். நீட்டுக்கு முந்தைய 2016-17-இல் அது 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. முதல் முயற்சியில் கிடைக்காதவர் தன்னைத் தனியாகத் தோற்றவராக நினைக்க இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதே சமயம், கோச்சிங் சென்டருக்கு லட்சங்களைக் கட்ட முடிந்த வீட்டுக்கே அந்த இரண்டாவது வருடம் சாத்தியம் என்பதையும் அந்த அறிக்கைதான் சொன்னது.

இன்னொரு வருடம் எடுப்பதா என்பதற்கு முதல் மார்க் ஓரளவு பதில் சொல்லும். கடந்த வருட கடைசி இடத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அது நியாயமான பந்தயம். வெகுதூரம் தள்ளி நிற்பவர், கைவசம் வேறொரு படிப்பில் சேர்ந்துவிட்டு நிதானமாக யோசிப்பது மேல். ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கோ அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் மட்டும்தான் அனுமதி, அதற்குமேல் ஆசைப்பட்டாலும் வழியில்லை. முக்கியமாக, படிக்கப்போவது பிள்ளை. முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். ‘இன்னொரு வருஷம் உட்காரு’ என்று அப்பா எடுத்த முடிவுக்குப் பிள்ளை கட்டும் வட்டி அதிகம்.

வீட்டில் அந்த நாட்களை எப்படிக் கடப்பது என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017-இல் நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் பேனர்களும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும் நிறுத்தவில்லை. ஒரு வாரத்துக்கு உறவினர் போன்களை அப்பாவோ அம்மாவோ எடுக்கட்டும், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கட்-ஆஃபைச் சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருக்கலாம். தூக்கம் கெட்டு, சாப்பாட்டைத் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை ஒதுங்கினால், ‘சரியாயிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. தமிழக அரசின் 104-இல் இருபத்து நான்கு மணி நேரமும் ஆலோசகர்கள் பேசுகிறார்கள். தேர்வு முடிவு வரும் நாட்களில் அவர்களே மாணவர்களைத் தேடி அழைப்பதும் உண்டு. மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. படிப்பு, சேர்க்கை சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417. மூன்றுமே காசில்லாத அழைப்பு, தமிழில் பேசலாம்.

செப்டம்பர் வந்து, வகுப்புகள் தொடங்கிய பிறகும் எங்கும் சேராமல் நிற்கிறவர்கள் இருப்பார்கள். துணைத் தேர்வில் தேறியவர்களுக்கும் முதன்மைச் சுற்றில் விடுபட்டவர்களுக்கும் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கும். அதிலும் இடங்கள் மீந்துபோகும். அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு மறுபடி விண்ணப்பம் வாங்குவார்கள். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் ‘உயர்வுக்குப் படி’ என்ற பெயரில், ப்ளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைப் பள்ளிப் பதிவேட்டை வைத்துப் பெயர் பெயராகத் தேடி அழைத்து மாவட்டங்களில் முகாம் நடத்துகிறார்கள். சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு அங்கேயே வருவாய்த் துறை மேசை, கட்டணத்துக்கு வழியில்லாதவருக்குக் கல்விக்கடன் மேசை, பக்கத்தில் பாலிடெக்னிக், ஐடிஐ, கலைக் கல்லூரி ஆட்கள். முகாம் தேதியைப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் தெரியும்.